லேப்டாப் திரையில் பழைய படம் நிழலாகத் தங்குதா? கரையோரத்தில் பார்த்தவை, ஊர்வாரியாக ஒவ்வொருவர் சொன்னது

மண்டபம், சர்வீஸ் கடை

ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, விசைப்படகு ஆபீஸ் என்று எங்கிருந்து லேப்டாப் வந்தாலும் புகார் ஒன்றுதான்: "டேலியை (கணக்கு மென்பொருள்) மூடின பிறகும் டேலி தெரியுது." உடனே பேனல் (படம் காட்டும் திரைப் பலகை) போச்சு என்று சொல்லிக் காசு வாங்குவது பாவம். முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள்.

நிழல் தெரியும்போதே பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து அந்தப் படத்தைச் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் நிழல் இருந்தால் கோளாறு டிரைவரிலோ (திரையை இயக்கும் மென்பொருள்) விண்டோஸிலோ இருக்கிறது, பேனலைத் தொடவே வேண்டாம். படம் சுத்தமாக இருந்தால் பேனல்தான்.

அடுத்து டெஸ்க்டாப் பின்னணியை சாலிட் கலராக்கி (படமில்லாத ஒரே நிறம்), கஸ்டம் கலரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 128 கொடுங்கள். ஐகான்களை மறைத்துவிடுங்கள். முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் ஒளிந்துகொள்ளும் நிழல் இந்த நடுச் சாம்பலில் மாட்டிக்கொள்ளும். மின்னழுத்தம் துளி மாறினாலும் வெளிச்சம் அதிகம் மாறுவது இந்த இடத்தில்தான். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் திரையை அணைத்துவிட்டு, அதே பிரைட்னஸில் மறுபடி பாருங்கள். மங்கியிருந்தால் கவலை வேண்டாம், அது போய்விடும். மங்கவே இல்லையென்றால் ராத்திரி முழுக்க அணைத்து வையுங்கள். மறுநாளும் அப்படியே நின்றால்தான் அடுத்த பேச்சு.

கீழக்கரை

மண்டபம் காக்கா (அண்ணன்) சொன்னது, பின்விளக்கு வைத்த எல்சிடி பேனலுக்குச் சரி. புள்ளிகளே தானாக ஒளிரும் ஓஎல்இடி என்றால் கணக்கே வேறு. அதனால் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் ஒன்றை முழுத்திரையில் வையுங்கள். லேசாகச் சாம்பல் வெளிச்சம் கசிந்தால் எல்சிடி. திரை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருட்டாக இருந்தால் ஓஎல்இடி.

எல்சிடியில் நடப்பது இது. திரவப் படிகத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஒவ்வொரு பிரேமுக்கும் (திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு படத்துக்கும்) பிளஸ், மைனஸ் என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சமநிலை கொஞ்சம் பிசகினாலும் ஒரே பக்கமாக ஒரு சிறு டிசி மின்னழுத்தம் மிச்சம் நிற்கும். ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் படிகத்தில் உள்ள அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) ஒரு பக்கமாக நகர்ந்து, படிகத்தை ஒட்டியுள்ள பாலிமைடு படலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தை மாற்றிய பிறகும் அந்த மின்னூட்டம் படிகத்தைப் பழைய கோணத்துக்கே இழுக்கும். அதுதான் நிழல். அயனிகள் பிரிந்து போனதும் நிழலும் போய்விடும். இது மலிவுப் பேனலின் நோய் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலேயே எல்ஜி பேனல் உள்ளவற்றில் இந்தப் புகார் பெரிதாகக் கிளம்பியது. எல்சிடியிலேயே ஐபிஎஸ் என்ற வகையில் இது கூடுதலாகத் தெரியும்.

சூடு ஏறினால் அயனிகள் வேகமாக நகரும். நம் பக்கம் இதுதான் முக்கியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் ஓடும் லேப்டாப்பில் நிழல் சீக்கிரம் வரும். டாஸ்க்பார் நிழல்தான் பெரும்பாலும் முதலில் வருகிறது, கவனித்திருப்பீர்கள். அது அசையாமல் நிற்பது ஒரு காரணம். இன்னொன்று, மெல்லிய மாடல்கள் பலவற்றில் ஃபேன் காற்று கீல் வழியாக வெளியேறித் திரையின் அடிப்பட்டையிலேயே அடிக்கிறது. கையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், மேல் விளிம்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஃபேனில் அடைந்த தூசியை எடுத்து, பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

ஓஎல்இடியில் தங்குவது மின்னூட்டம் அல்ல, தேய்மானம். வெளிச்சம் தரும் கரிமப் பொருளே தேய்கிறது, அதிலும் நீலம் சீக்கிரம் தேயும். தேய்ந்தது திரும்பாது. அங்கே பிரைட்னஸைக் குறைப்பதுதான் முதல் மருந்து. எல்சிடியில் பிரைட்னஸ் குறைப்பதால் பின்விளக்கின் சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம், லாட்ஜ் கம்ப்யூட்டர் வேலை

வரவேற்பு மேஜை லேப்டாப்புகளில் ரூம் சார்ட்டும், நான்கு கண்காணிப்புக் கேமரா கட்டமும்தான் நிழலாகத் தங்குகின்றன. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் திரை அணைவதே இல்லை. யாரோ ஸ்கிரீன் ஆஃபை "நெவர்" என்று வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் போய் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் 5 நிமிடம் வையுங்கள். பெர்சனலைசேஷனில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸைத் திறந்து டாஸ்க்பார் தானாக மறையும்படி டிக் போடுங்கள்.

ஸ்கிரீன்சேவர் போடுகிறவர்கள் "பபிள்ஸ்" போடாதீர்கள். குமிழிகள் மிதக்கும், ஆனால் அடியில் அதே டெஸ்க்டாப் அசையாமல் நிற்கும். "மிஸ்டிஃபை" அல்லது "ரிப்பன்ஸ்" போட்டால் பின்னணி கறுப்பு, கோடுகள் நகரும். அணைப்பது அதைவிட மேல்.

கேமராவை லேப்டாப்பில் நாள் முழுக்க ஓட்டியே ஆக வேண்டுமென்றால் நான்கு கட்டத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கேமராவாக முழுத்திரையில் சுற்றிவரும் சீக்வன்ஸ் முறையில் வையுங்கள். கட்டங்களுக்கு நடுவே உள்ள கறுப்புச் சிலுவைதான் ஆழமாகத் தங்குவது. பழைய மானிட்டர் ஒன்று கிடைத்தால் கேமராவை அதற்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

தொண்டி

அண்ணே, யூடியூபில் கலர் கலராக மினுக்கும் வீடியோவை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் சரியாகும் என்கிறார்களே, விடலாமா?

கீழக்கரை

எல்சிடி என்றால் கெடுதல் இல்லை தம்பி, ஆனால் தேவையும் இல்லை. அணைத்து ஆறவிட்டாலே அந்த வேலை நடக்கும். அவசரமென்றால் முழு வெள்ளையை ஒரு மணி நேரம் வைக்கலாம். ஓஎல்இடியில் மட்டும் வேண்டவே வேண்டாம், மீதி நல்ல இடமும் சேர்ந்து தேயும். கம்பெனி கொடுத்த வசதி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். ஆசஸ் ஓஎல்இடி மாடல்களில் மைஆசஸ் செயலிக்குள் ஓஎல்இடி கேர் என்று இருக்கும். இன்னொன்று, வலிப்பு வரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மினுக்கும் வீடியோவைக் கண்ணில் படவே ஓடவிடாதீர்கள்.

பாம்பன்

கடலோரத்தில் திரைக்கோளாறு எல்லாம் நிழல் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் பொடி மணலும் திரையில் படியும். அது சீரில்லாத வெள்ளை மங்கலாகத் தெரியும், அணைத்த திரையிலும் தெரியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கோடு போட்டுவிடும். மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, முதலில் ஒற்றி எடுங்கள், பிறகு துடையுங்கள். செங்குத்துக் கோடுகளும், மூடியை அசைத்தால் வந்து போகும் படமும் நிழல் கணக்கில் சேராது. டிஸ்பிளே கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாட்கணக்கில் மங்காத நிழலுக்கு வழி பேனல் மாற்றுவதுதான். பழைய பேனலின் பின்பக்க லேபிளில் உள்ள முழு மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே 15.6 அங்குலத்தில் கனெக்டரில் 30 பின் (ஊசி) உள்ளதும் உண்டு, 40 பின் உள்ளதும் உண்டு. திருகு மாட்டும் காது உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. வேலையைத் தொடங்கும் முன் சார்ஜரை எடுத்து, அடி மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றியே ஆக வேண்டும். பேட்டரி இருக்கும்போது கேபிளைச் சொருகினால் போர்டில் உள்ள பேக்லைட் (பின்விளக்கு) ஃபியூஸ் போய்விடக்கூடும். புதுப் பேனலும் இருட்டாகத் தெரிய, பேனல்மேல் பழி விழும். கனெக்டர் மேல் ஒட்டிய டேப்பை உரித்து, கம்பிப் பூட்டு இருந்தால் தூக்கிவிட்டு, பேனலுக்கு இணையாக நேராக இழுங்கள். பழைய பேனலை இழுபசைப் பட்டையில் ஒட்டியிருந்தால் பட்டையைத் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். நெம்பினால் கண்ணாடி விரியும். திரையைச் சுற்றியுள்ள பிரேமை ஒட்டுவதற்கு முன்பே பேட்டரியைச் சொருகி அந்த 128 சாம்பலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய இருப்பாக வந்த பேனலில் ஏற்கெனவே யாருடைய டாஸ்க்பாரோ இருந்தால், திருப்பிக் கொடுக்க அதுதான் நேரம்.