பழைய எம்எம் 540 ஜீப்ல புரோட்டா கடை எண்ணெய் ஓட்டுறேன், மலை ஏறும்போது இழுவை செத்துப் போகுது, உதவி வேணும்

சிறுமலைவாழை:

வணக்கம் அண்ணன்களே. வண்டி மகேந்திரா எம்எம் 540, பியூஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சின், அப்பா வாங்கின வண்டி. சிறுமலையில இருந்து திண்டுக்கல் மண்டிக்கு வாழைத்தார் ஏத்திட்டுப் போறதும் திரும்ப உரம், தண்ணி பைப்புன்னு ஏத்திட்டு வர்றதும்தான் வேலை. மச்சான் புரோட்டா கடை வச்சிருக்கார், அங்க பொரிச்சு மிஞ்சுற எண்ணெயை வாங்கிட்டு வந்து காடாத் துணியில வடிகட்டி டீசலோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துறேன். டீசல் லிட்டர் 92 ரூபா விக்கும்போது வாழைக்கு கிடைக்கிற விலையில வேற வழி தெரியல. தனி டேங்க், ஹீட்டர்னு எதுவும் வைக்கல, கம்பெனி டேங்க்லயேதான் கலக்குறேன்.

ஐப்பசி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல, சத்தம்கூட கொஞ்சம் மெதுவாத்தான் இருந்துச்சு. கார்த்திகை பாதியில இருந்து காலைல செல்ஃப் ரொம்ப நேரம் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது, ஆனதும் வெள்ளைப் புகை, எஞ்சின் ஒரு சீரா ஓடாம குலுங்குது, அப்புறம் சரியாயிடுது. கீழ இறங்குறப்ப ஒண்ணுமே தெரியாது. திரும்ப லோடோட ஏறும்போது அந்த 18 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டினதும் ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் வண்டி இழுக்க மாட்டேங்குது, சில சமயம் ஆஃபே ஆயிடுது. ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணினா மறுபடி கொஞ்ச தூரம் நல்லா இழுக்குது, திரும்பவும் அதே கதை.

ஊர் மெக்கானிக், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப் போச்சு, கழட்டி கலிப்ரேஷனுக்கு (அளவு சரி பண்ண) அனுப்பணும்னு சொல்றார். அது பெரிய செலவு. பம்ப்தானா, இல்ல வேற ஏதாவதா?

நாசில்கடை:

தம்பி, பம்பை இப்ப தொடாதீங்க. நின்னு கொஞ்ச நேரம் விட்டா திரும்ப இழுக்குதுன்னு சொல்றீங்க பாருங்க, அது பம்ப் தேஞ்ச வண்டி பண்ற வேலை இல்ல, டீசல் வர்ற வழியில அடைப்பு இருக்குற வண்டி பண்ற வேலை. லோடுல எஞ்சின் கேக்குற அளவு ஃபில்டர் வழியா வரல, நிறுத்தினா மெல்ல ஊறி நிறைஞ்சுக்குது, அவ்வளவுதான். தேஞ்ச பம்ப்புன்னா சூடானதும் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும், உங்களுக்கு தலைகீழா குளிர்லதான் தொல்லை.

இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. பம்ப்ல ஒரு தகடு இருக்கும், அதுல கம்பெனி பேர் மைக்கோ பாஷ்னு இருக்கா இல்ல லூகாஸ் சிஏவின்னு இருக்கா? ஃபில்டர் கடைசியா எப்ப மாத்தினீங்க? மச்சான் கடையில புரோட்டாவுக்கு டால்டா போடுறாங்களா, சிக்கன் பொரிச்ச எண்ணெயும் சேர்ந்துதான் வருதா? கடைசியா, ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பாருங்க, எஞ்சின் ஆயில் லெவல் ஏறியிருக்கா?

கொங்குஜீப்:

நாசில்கடை அண்ணன் சொல்றதுதான் சரி. கூடவே ஒண்ணு பாருங்க ப்ரோ, டேங்க்ல இருந்து டீசலை இழுக்குற ஃபீட் பம்ப் வரைக்கும் வர்ற ரப்பர் ஹோஸ் பழசுன்னா எண்ணெய் பட்டு ஊறி மெத்துன்னு ஆகியிருக்கும், கிளிப் இறுக்கினாலும் ஏர் எடுக்கும். நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியுற ட்யூப் போட்டு ஓட்டிப் பாருங்க, குமிழி வருதான்னு கண்ணாலயே தெரிஞ்சிடும். அப்புறம் பழைய டேங்க்ல காலங்காலமா படிஞ்சு கிடக்குற கசடை இந்த எண்ணெய் கரைச்சு ஃபில்டருக்கு அனுப்பும், எண்ணெய்க்கு மாறுற எல்லா பழைய வண்டியிலயும் முதல் ரெண்டு ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும்.

சிறுமலைவாழை:

ரொம்ப நன்றி அண்ணே. பார்த்துட்டேன். பம்ப் மைக்கோ பாஷ்தான். மச்சான்கிட்ட கேட்டேன், பொரிக்கிறது பாமாயில்ல, ஆனா புரோட்டா கல்லுல ஊத்துறது டால்டாவும் எண்ணெயும் கலந்து, மிஞ்சுறது எல்லாம் ஒரே டின்ல ஊத்திடுறாங்களாம், சிக்கன் எண்ணெயும் அதுலயேதான்.

ஃபில்டரை காலைல வெயில் வர்றதுக்கு முன்னாடி கழட்டினேன். கிண்ணத்துக்கு அடியில விரல் அளவுக்கு வெள்ளையா கெட்டியா ஏதோ உறைஞ்சிருக்கு, பேப்பர் மடிப்பு பூரா அதே வெள்ளை, நடுநடுவுல கருப்புத் தூள். வெயில்ல வச்சதும் வெள்ளை உருகி எண்ணெயா ஓடிடுச்சு, கருப்பு மட்டும் ஒட்டிட்டு இருக்கு. ஹோஸ்ல குமிழி இல்ல.

கேஜ் கம்பியில ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. நான் ஊத்தவே இல்ல. விரல்ல தொட்டுப் பார்த்தா பிசுபிசுன்னு இருக்கு.

நாசில்கடை:

தம்பி, முதல்ல வண்டியை நிறுத்துங்க. ஃபில்டர் விஷயம் சின்னது, ஆயில் லெவல் ஏறினதுதான் பெருசு.

ஃபில்டர்ல பார்த்த வெள்ளை டால்டாவும் கோழிக் கொழுப்பும்தான். டால்டா உருகவே 31ல இருந்து 41 டிகிரி வரைக்கும் ஆகும், சமவெளியிலயே காலைல உறைஞ்சுதான் கிடக்கும், உங்க மலையில மார்கழிக் குளிர்ல கேக்கவே வேணாம். சுத்தமான பாமாயில் மட்டும்னா இவ்வளவு சீக்கிரம் உறையாது. கருப்புத் தூள் மாவும் கசடும்.

இப்ப ஆயிலுக்கு வருவோம். டீசல் 40 டிகிரியில 2ல இருந்து 4.5 சென்டிஸ்டோக் (கெட்டியை அளக்குற அலகு) கெட்டி, அதே சூட்டுல சமையல் எண்ணெய் 35, 40 வரைக்கும் இருக்கும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. பாதிக்குப் பாதி கலந்தாலும் டீசலை விட கெட்டிதான், அதுலயும் குளிர்ல. இவ்வளவு கெட்டியா இருக்குறது சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற நாசில்ல மெல்லிய புகையா பிரியாது, தாரையா விழும், குளிர்ந்த சிலிண்டர்ல பாதி எரியாம சுவர்ல வழிஞ்சு பிஸ்டன் ரிங் வழியா கீழ சம்ப்புக்கு (எஞ்சின் ஆயில் நிக்கிற தொட்டி) இறங்கும். டீசல் இறங்கினா எஞ்சின் சூட்டுல கொஞ்சமாவது ஆவியாகிப் போகும். தாவர எண்ணெய் போகாது, அங்கயே தங்கி, சூடும் காத்தும் பட்டு எஞ்சின் ஆயிலோட சேர்ந்து கெட்டியாகும். முத்தினா பலாப்பால் மாதிரி ஆயிடும், ஆயில் ஸ்ட்ரெய்னரை (சம்ப்ல இருக்குற சல்லடை) அடைச்சு பேரிங்குக்கு ஆயில் போகாது, அப்புறம் கிராங்க் ஷாஃப்ட் போயிடும். இந்த மாதிரி எஞ்சினை எங்க கடைப் பக்கம் பிரிச்சுப் பார்த்திருக்கேன், சம்ப்ல இருந்ததை கரண்டியால வழிச்சுத்தான் எடுத்தாங்க. உங்களுது இன்னும் பிசுபிசுப்புல இருக்கு, இப்பவே பிடிச்சா ஒண்ணும் ஆகாது.

செய்ய வேண்டியது: டேங்கை முழுசா வடிச்சு கழுவி சுத்தமான டீசல் ஊத்துங்க. ஃபில்டர் புதுசு. எஞ்சின் ஆயிலை சூடா இருக்கும்போது இறக்கி புது 15டபிள்யூ40 கிரேடு ஆயில் ஊத்தி, கொஞ்ச நாள் சும்மா ஓட்டிட்டு அதையும் மாத்திடுங்க, காசு பார்க்காதீங்க. நாசில் நாலையும் கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல வச்சு ஸ்ப்ரே பாருங்க, மூக்குல கரி கட்டியிருக்கும். குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டரை சூடாக்குற ஹீட்டர் ப்ளக்கும் செக் பண்ணிடுங்க.

பொலிரோ_ரசிகன்:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், என்கிட்ட சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் எஞ்சின்) பொலிரோ இருக்கு, அதுல 20 சதவீதம் கலந்தா பரவாயில்லையா?

நாசில்கடை:

ஒரு சொட்டுகூட வேணாம் தம்பி. காமன் ரெயில் இன்ஜெக்டர் ஆயிரம் பாருக்கு மேல பிரஷர்ல முடி அளவு இடைவெளியை விட சின்ன இடைவெளியில வேலை செய்யுது. இன்ஜெக்டர் ஒண்ணு போனாலே மிச்சம் பிடிச்ச டீசல் காசு எல்லாம் அதுக்கே போயிடும்.

சிறுமலைவாழை:

அண்ணே, சொன்னபடியே செஞ்சாச்சு. நாசில் ரெண்டுல தாரையாத்தான் விழுந்துச்சு, சுத்தம் பண்ணி பிரஷர் செட் பண்ணிக் குடுத்தாங்க. இப்ப வெறும் டீசல்ல முழு லோடோட ஒரே மூச்சா மேல ஏறுது, காலைல ஒரு அடியில ஸ்டார்ட். பம்ப்புக்கு ஒண்ணும் இல்ல. மெக்கானிக் அண்ணனும் வந்து பார்த்துட்டு சந்தோஷப்பட்டார்.

ஆனா எண்ணெயை விட்டுற மனசு இல்ல. பயோடீசலா மாத்தி ஊத்தலாம்னு ஒருத்தர் சொல்றார். இல்ல இந்த எண்ணெயையே ஒழுங்கா ஓட்ட வழி இருக்கா?

வேதியியல்_வாத்தியார்:

பயோடீசல் பத்தி நான் சொல்றேன். எண்ணெயோட மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 55 டிகிரி பக்கம் சூட்டுல கலக்கினா கிளிசரின் அடியில பிரியும், மேல நிக்கிறது டீசல் மாதிரியே மெல்லிசா இருக்கும். முறை நல்ல முறைதான். ஆனா எண்ணெய் அளவுல ஐந்துல ஒரு பங்கு மெத்தனால் வேணும், அது விஷம், எரிஞ்சா பகல்ல தீ கண்ணுக்கே தெரியாது, 65 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சு ஆவியாகும், அந்த ஆவியை மோந்தாலே கண்ணுக்கு ஆபத்து. தமிழ்நாட்டுல மெத்தனால் வாங்கவும் வைக்கவும் லைசென்ஸ் வேணும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க, நம்ம எல்லாருக்கும் தெரியும். வீட்டுல குழந்தைங்க இருக்குற தோட்டத்துல டின் டின்னா மெத்தனால் வைக்கிறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க.

எண்ணெயை அப்படியே ஓட்டுறது நடக்காத காரியம் இல்ல. பெங்களூர் ஐஐஎஸ்சி பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா கர்நாடக கிராமங்கள்ல புங்க எண்ணெயை அப்படியே ஊத்தி ஜெனரேட்டர் ஓட்டிக் காட்டியிருக்கார். ஆனா ஜெனரேட்டர் ஒரே வேகத்துல லோடுல சூடா ஓடுற எஞ்சின். உங்க ஜீப் மண்டியில ஐட்லிங்ல நிக்கும், இறக்கத்துல குளிரும், அங்கதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல இருந்து பொரிச்ச எண்ணெயில போலார் காம்பவுண்ட் (திரும்பத் திரும்பக் காய்ச்சுறதுல உண்டாகுற கெட்ட பொருள்) 25 சதவீதம் தாண்டினா திரும்ப சமையலுக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் புழங்குற கடைங்க கணக்கு வச்சு அங்கீகாரம் உள்ள ஏஜென்ட்கிட்ட குடுக்கணும். மச்சான் கடை அந்த அளவான்னு கேட்டுக்கோங்க, அவருக்கு சிக்கல் வரக் கூடாது. வண்டியில மாத்தம் பண்றதுக்கும் ஆர்டிஓ அனுமதி வேணும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. ரோட்டுல ஓடுற வண்டி, இன்சூரன்ஸ்காரன் நாளைக்கு அதைத்தான் முதல்ல கேப்பான்.

நாசில்கடை:

வாத்தியார் சொன்னதை மனசுல வச்சுக்கோங்க. முறையா அனுமதி வாங்கி பண்றதா இருந்தா வழி இதுதான் தம்பி, ரெண்டு டேங்க். டீசல்ல ஸ்டார்ட், எஞ்சின் நல்லா சூடானதும் எண்ணெய்க்கு மாத்தணும், நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்ப டீசலுக்கு மாத்தி பம்ப்லயும் நாசில்லயும் இருக்குற எண்ணெய் எரிஞ்சு தீர்ற வரைக்கும் ஓட்டி அப்புறம்தான் ஆஃப். ரேடியேட்டருக்குப் போற சுடுதண்ணி ஹோஸ்ல இருந்து ஒரு கிளை எடுத்து எண்ணெய் டேங்க், எண்ணெய் ஃபில்டர், லைன் மூணையும் சூடாக்கணும். 80 டிகிரிக்கு வந்துட்டா எண்ணெயோட கெட்டி பத்து, பன்னெண்டு சென்டிஸ்டோக்குக்கு இறங்கிடும், உங்க எஞ்சின் ப்ரீசேம்பர் டைப் (சிலிண்டருக்கு முன்னாடி ஒரு சின்ன அறையில எரிய ஆரம்பிக்கிறது), அந்த கெட்டியை சமாளிக்கும். சூடு இல்லாம எண்ணெய் ஊத்துறதை மட்டும் இனி செய்யவே செய்யாதீங்க, டீசலை எவ்வளவு கலந்தாலும் சரி.

எண்ணெயை சூடாக்க சுடுதண்ணி ஓடுற காயிலை செம்புல போடச் சொல்லி லேத்துல சொல்வாங்க, வளைக்க ஈசின்னு. வேணாம், செம்பு எண்ணெயை சீக்கிரம் கெட்டியாக்கும், எவர்சில்வர் இல்ல அலுமினியம் போடுங்க. உங்களுக்கு மைக்கோ பம்ப்பா அமைஞ்சது நல்லது, சிஏவி ரோட்டரின்னா குளிர்ந்த எண்ணெய்க்கு உள்ள உடையுற பம்ப், நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்.

எண்ணெய் சேகரிக்கிறதையும் மாத்தணும். கல்லு டால்டாவும் சிக்கன் எண்ணெயும் தனி டின், உங்களுக்கு வேணாம். மிச்சத்தை டிரம்ல ரெண்டு வாரம் அசைக்காம வச்சு மேல தெளிஞ்சதை மட்டும் எடுங்க. அதுல ஒரு பாட்டில் பிடிச்சு ராத்திரி திண்ணையில வைங்க, விடிஞ்சு பார்த்தா அடியில வெள்ளை நிக்கக் கூடாது. ஒரு கரண்டி எண்ணெயை வாணலியில காய்ச்சுங்க, படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு, அதை ஊத்தாதீங்க, தண்ணி பம்ப்பை துருப்பிடிக்க வைக்கும். கடைசியா 5 மைக்ரான் ஃபில்டர், காடாத் துணி போதாது. எஞ்சின் ஆயில் வழக்கமா மாத்துற கிலோமீட்டர்ல பாதிக்கே மாத்தணும், கேஜ் கம்பி தினம் பார்க்கணும்.

சிறுமலைவாழை:

தெளிவாயிடுச்சு அண்ணே. முதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டுதான் கை வைப்பேன், அதுவரைக்கும் டீசல்தான். ஒரே ஒரு சந்தேகம், பம்ப்ல இருந்து டேங்குக்கு ரிட்டர்ன் லைன் போகுதே, எண்ணெயில ஓடும்போது அது டீசல் டேங்க்ல போய் கலந்துடாதா?

கொங்குஜீப்:

கலக்கும் ப்ரோ, அதனால ரிட்டர்னுக்கும் தனியா ஒரு மூணு வாய் வால்வு போடணும். சப்ளைக்கு ஒண்ணு, ரிட்டர்னுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். டீசலுக்கு மாத்தும்போது முதல்ல சப்ளையை மட்டும் மாத்துங்க, ரிட்டர்ன் கொஞ்ச நேரம் எண்ணெய் டேங்குக்கே போகட்டும், பம்ப்ல இருக்குற எண்ணெய் எல்லாம் அங்க போய்ச் சேர்ந்ததும் ரிட்டர்னை டீசல் டேங்குக்கு மாத்துங்க. ஒரே சுவிட்ச்ல ரெண்டையும் மாத்துற ஆறு வாய் வால்வு கிடைக்குது, அதுல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எண்ணெய் டீசல் டேங்க்ல விழும், மலைக் குளிருக்கு அது வேணாம். அந்த குமிழி பார்க்குற ட்யூபை ரிட்டர்ன் லைன்லயே நிரந்தரமா வச்சிடுங்க, எண்ணெய் நிறம் போய் டீசல் நிறம் வர்றது சீட்டுக்கு அடியில குனிஞ்சா தெரியுற மாதிரி இடத்துல.