காரில் விமான மீட்டர் மாட்டியவர்கள் உண்டா?

பழைய காருக்கு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டதும், அந்த அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் தேவைப்பட்டது. கழித்துப்போட்ட சிறு விமானத்திலிருந்து வந்த மேனிபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷர் மீட்டர் ஒன்று கையில் கிடைத்தது. மேசையில் வைத்துப் பார்த்தால், எதோடும் இணைக்காமலே முள் 30-இல் நிற்கிறது. கெட்டுப்போனது என்றே நினைத்தேன், இரண்டு தட்டுகூடத் தட்டினேன்.

கோளாறு மீட்டரில் இல்லை, என் புரிதலில்தான். கார் பூஸ்ட் மீட்டர் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. விமான மீட்டர் வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது, அதுவும் பாதரச அங்குலத்தில். கடல் மட்டத்தில் காற்றே 29.92 அங்குலம். இப்போது ஐடிலில் 11 காட்டுகிறது, முழுசாக மிதித்தால் 44. அதில் 30-ஐக் கழித்தால் 14 அங்குலம், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ பூஸ்ட். மலைப்பாதையில் வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்தால் 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். அது எனக்குக் கிடைத்த இலவச இணைப்பு.

இதற்குக் கரண்டே வேண்டாம், மேனிபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் போதும். முள் நடுங்கியது. ஹோஸுக்குள் ஊசித்துளை போட்ட சிறு அடைப்பான் வைத்ததும் அடங்கிவிட்டது. டேஷ்போர்டைத்தான் வெட்ட வேண்டியிருந்தது: விமான மீட்டருக்கு 3 1/8 அங்குலத் துளை, கார் மீட்டருக்கென்று இருந்ததோ 52 மில்லிமீட்டர்.

அந்தத் தெம்பில் ஒரு மின்சார ஆயில் பிரஷர் மீட்டரையும் எடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அது கேட்டது 26 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஏசி (மாறுதிசை) மின்சாரம். 12 வோல்ட் பேட்டரி வண்டியில் அதற்கு எங்கே போவது? இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

* * *

நான் காற்றால் குளிரும் ஏர்கூல்டு எஞ்சினுக்கு சிலிண்டர் ஹெட் வெப்ப மீட்டர் போட்டேன். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் உட்காரும் தெர்மோகப்பிள் (சூட்டைச் சிறு மின்னழுத்தமாக மாற்றுவது) வளையம்தான் சென்சார். விமான வளையங்கள் பல 18 மில்லிமீட்டர் பிளக்குக்கானவை. என் பிளக் 14 என்பதால் தனி வளையம் தேடி வாங்கினேன். சரி, அதோடு விட்டிருக்கலாம். ஒயர் நீளமாகத் தொங்குகிறதே என்று நறுக்கிவிட்டேன்.

பழைய முள் மீட்டர்கள் அந்த ஒயரின் மின்தடையையும் கணக்கில் சேர்த்தே அளவிடப்பட்டவை, பெரும்பாலும் 2 ஓம் அல்லது 8 ஓம். ஒயர் குறைந்தால் தடை குறையும், முள் கூடுதலாகக் காட்டும். அது தெரியாமல், எஞ்சின் கொதிக்கிறது என்று பயந்து இரண்டு வாரம் பெட்ரோலைக் கூட்டி வைத்து ஓட்டினேன். பிளக்கெல்லாம் கரி பிடித்ததுதான் மிச்சம். நீளமாக இருந்தால் சுருட்டிக் கட்டுங்கள், வெட்டாதீர்கள்.

* * *

என்னுடையது ஏர்ஸ்பீடு மீட்டர். கிரில்லில், எதிரே வரும் காற்றின் அழுத்தத்தைப் பிடிக்கும் ஒரு பிட்டாட் குழாய், அவ்வளவுதான். டயலே 40 நாட் (knot, விமான வேக அலகு) என்ற இடத்தில்தான் தொடங்குகிறது, அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர் வேகம். ஊருக்குள் முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் கீழ்வேகத்தில் தள்ள ஒன்றும் இருப்பதில்லை. எதிர்க்காற்று அடித்தால் கூடும், லாரிக்குப் பின்னால் போனால் விழும். வேகம் பார்க்க உதவாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நன்றாகச் சொல்லும்!

* * *

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய ராணுவ விமான மீட்டர்களில் எண்கள் பழுப்பேறிய தடித்த பெயின்டில் இருந்தால் அது கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று கண்ணாடியைக் கழற்றாதீர்கள். செத்துப்போவது ஒளிரும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உதிரும் தூள் மூச்சில் போகக் கூடாது. நான் ஒன்றைத் திறக்கப்போய், ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்த நிலையில்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மாட்டியது வளைந்த கண்ணாடிக் குழாயில் பந்து உருளும் சறுக்கல் மீட்டர் மட்டும்தான். கரண்டும் வேண்டாம், ஹோஸும் வேண்டாம். திருப்பத்தில் பந்து ஓரத்தில் முட்டினால் பின்சீட்டிலிருந்து மகள் சத்தம் போடுகிறாள்.