தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இறுகவில்லை, மேலே எண்ணெய் நிற்கிறது: காப்பாற்ற வழி உண்டா?

பாபநாசம் இல்லத்தரசி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே சோப்பு செய்ய இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். நேற்று விடியற்காலையில் அச்சில் ஊற்றியது இன்று இரவாகியும் இறுகவில்லை. மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கிறது. கத்தியால் ஓரத்தைக் கீறிப் பார்த்தேன். நடுவில் பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகவும், அடியில் தெளிந்த நீராகவும் இருக்கிறது.

ஒரு குறிப்பைப் பார்த்துப் போட்ட அளவு: செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், காஸ்டிக் சோடா 170 கிராம், தண்ணீர் 350 மில்லி, கஸ்தூரி மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி. சோடாவைத் தராசில் நிறுத்துப் போட்டேன். எண்ணெய் மட்டும் பாட்டில் அளவு.

மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தது. பாட்டிலை வெந்நீரில் வைத்து, ஊற்றுகிற பதம் வந்ததும் எடுத்துவிட்டேன். சோடாவை முந்தின இரவே தண்ணீரில் கரைத்து ஆறவைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து மத்தால் கடைந்தபோது பத்து நிமிடத்திலேயே கெட்டியானது. பதம் வந்துவிட்டது என்று ஊற்றினேன்.

மஞ்சள் போட்டதும் கலவை செங்கல் நிறமாகிவிட்டது. அதைப் பார்த்தால் காரம் கூடிவிட்டதோ என்று தோன்றுகிறது. மிதக்கிற எண்ணெயைப் பார்த்தால் காரம் குறைவோ என்றும் தோன்றுகிறது. நல்ல எண்ணெய், கொட்டிவிட மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

திருவாரூர் தம்பி:

அக்கா, எண்ணெய் மிதக்கிறது என்றால் சோடா போதவில்லை என்றுதான் பொருள். இன்னும் 20 கிராம் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். அப்படியும் இறுகாவிட்டால் கொஞ்சம் சலவைச் சோடா சேர்க்கலாம்.

நாகை வேதியியல் ஆசிரியை:

தம்பி, உதவும் எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இதைத் தயவுசெய்து செய்யவேண்டாம். தோலில் தேய்க்கப் போகிற பொருள் இது, கணக்குப் போடாமல் காரத்தைக் கூட்டக்கூடாது.

1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 1 கிலோவுக்கு 183 கிராம். அதில் சுமார் 7 சதவீதம் குறைத்து 170 என்று உங்கள் குறிப்பில் கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவு எண்ணெய் மாறாமல் மிஞ்சித் தோலைக் காக்கட்டும் என்பதற்காக. ஆனால் 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் 1 கிலோ இருக்காது, 920 கிராம் அளவில்தான் இருக்கும். அந்த 920 கிராமுக்கு முழுக்கணக்கே 168 கிராம் சோடாதான். நீங்கள் போட்டது 170. ஆகவே எண்ணெய் மிதந்தாலும் உங்கள் சோப்பில் குறைவது எண்ணெய்தான், சோடா அல்ல. தம்பி சொன்ன 20 கிராமையும் சேர்த்தால் கையைப் புண்ணாக்கும் கட்டிதான் கிடைக்கும். சலவைச் சோடா வேறு பொருள். இந்த வேலைக்கு அது உதவாது.

அப்படியானால் எண்ணெய் ஏன் மிதக்கிறது? இரண்டும் சேரவே இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். பாதி உருகிய எண்ணெயில் குளிர்ந்த கரைசலை ஊற்றினீர்கள். மத்தில் கெட்டிப்பட்டது சோப்பு அல்ல, மறுபடியும் உறையத் தொடங்கிய எண்ணெய். பகல் வெயில் ஏறியதும் அது உருகி மேலே வந்துவிட்டது, காரநீர் அடியில் தங்கிவிட்டது. அந்த அடிநீரில் கை வைக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. நன்றாக அமைந்த சோப்பும் காரத்தன்மை உடையதுதான் என்பதால், மஞ்சள் சிவந்ததை வைத்துக் காரம் கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது.

ஒன்று கேட்கவேண்டும். அச்சிலிருந்து நீரோ எண்ணெயோ வெளியே ஒழுகியதா?

பாபநாசம் இல்லத்தரசி:

ஒழுகவில்லை டீச்சர். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில்தான் ஊற்றினேன், எல்லாம் உள்ளேயே இருக்கிறது. மீண்டும் காய்ச்சலாமா? வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் அலுமினியக் குண்டான்தான் இருக்கிறது.

நாகை வேதியியல் ஆசிரியை:

ஒழுகாதது நல்லதாயிற்று, கணக்கு கெடவில்லை. ஆனால் சோப்புக் கலவை அலுமினியத்தில் படவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். குண்டானில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அதற்குள் எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கிக் கலவையை அதில் போடுங்கள்.

கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டும் அவசியம். குழந்தைகள் அடுப்படிக்கு வரவேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும். டப்பாவில் உள்ள எண்ணெய், கட்டி, அடிநீர் என்று ஒரு சொட்டு விடாமல் வழித்துப் போடுங்கள். கூடவே 80 கிராம் தேங்காய் எண்ணெயை நிறுத்துச் சேருங்கள். மொத்தம் 1 கிலோ ஆகிவிடும், குறிப்பில் இருந்த கணக்கும் சரியாகிவிடும்.

சிறுதீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் எல்லாம் உருகி இன்னும் மோசமாகப் பிரிந்ததுபோல் தெரியும். அங்கே பயந்து நிறுத்திவிடாதீர்கள். சூட்டில் எண்ணெயும் காரமும் சேரச் சேரக் கலவை வெளுத்துக் கெட்டியாகும், பிறகு ஓரத்திலிருந்து கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். மேலே எண்ணெய் நிற்காமல், கரண்டியில் ஒரே சீராக ஒட்டி வந்தால் வெந்துவிட்டது. இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். வறண்டு போனால் இரண்டு கரண்டி வெந்நீர் விடலாம். பொங்கி வந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

சிலர் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். காரத்தன்மையை எண்ணில் காட்டும் பிஎச் தாள் வாங்கி, சிறு துண்டைத் தண்ணீரில் கரைத்துத் தோய்த்துப் பாருங்கள். 9, 10 என்று காட்டினால் சரி. 11க்கு மேல் போனால் இன்னும் வேகவேண்டும்.

தோலில் தெறித்தால் குழாயடியில் கையை நீட்டி நீண்ட நேரம் கழுவுங்கள். எலுமிச்சம்பழமோ வினிகரோ தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.

பட்டுக்கோட்டைத் தோப்புக்காரர்:

டீச்சர் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. அடுத்த முறைக்காகச் சில வார்த்தைகள் சொல்கிறேன் அம்மா. எண்ணெயைக் கண்ணாடிபோல் தெளியும்வரை உருக்குங்கள். எண்ணெயும் கரைசலும் 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது சேருங்கள். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போடவேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

தனித் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். எங்கள் கடலோரக் கிராமங்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையை வழித்து எடுத்துவிடும், 7 சதவீத எண்ணெயை மாறாமல் விடுவது அதற்குப் போதாது. 20 சதவீதம் விடுங்கள். நிறுத்த 1 கிலோ எண்ணெய்க்கு 146 கிராம் சோடா. இந்தச் சோப்பு வேகமாக இறுகும் என்பதால் ஊற்றிய அன்றே வெட்டிவிடவேண்டும். மறுநாள் வெட்டினால் உதிரும்.

சோடாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஆற்றங்கரை ஈரத்தில் திறந்து கிடந்தால் நீரை இழுத்துக்கொள்ளும், தராசு காட்டுகிற எடையில் ஒரு பகுதி தண்ணீராக இருந்தாலும் தெரியாது.

பாபநாசம் இல்லத்தரசி:

டீச்சர் சொன்னபடியே காய்ச்சினேன். நடுவில் முழுக்கப் பிரிந்து எண்ணெய்க் குளமாக நின்றபோது, பயப்பட வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் தொடர்ந்து கிளறினேன். பிறகு சட்டென்று சேர்ந்து, கரண்டியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பாக விழுந்தது. தாள் 10 காட்டியது. கரண்டியால் அழுத்தி அச்சில் நிரப்பி, சாயங்காலமே வெட்டிவிட்டேன். மேல்பகுதி கரடுமுரடாக இருக்கிறது, உள்ளே ஒரே சீராக இளஞ்சிவப்பு. அடியில் நீர் இல்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்று காலை கட்டிகளின்மேல் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. மறுபடியும் பிரிகிறதா?

நாகை வேதியியல் ஆசிரியை:

பிரியவில்லை. சோப்போடு சேர்ந்து உருவாகும் கிளிசரின் மார்கழிப் பனியில் ஈரத்தை இழுக்கிறது. மூங்கில் தட்டியில் இடைவெளி விட்டு அடுக்கி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நாலைந்து வாரம் அப்படியே இருக்கட்டும். ஒரு கட்டியை மட்டும் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை குறைவது நின்றதும் குளிக்க எடுக்கலாம், முதலில் முழங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு.