ஃபேரர் பார்க் திடலும் என் வலக்கையும்: உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

ஐந்தாம் எண்

1986, சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடல், ஞாயிறு காலை. லீக்கின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்துவிடுவோம். முந்திய இரவு கொட்டிய மழையில் கோல் வாய் முழுக்கச் சேறு. கடைசி நிமிடங்களில் அவர்களுக்கு ஒரு கார்னர். எங்கள் கீப்பர் வழுக்கி விழுந்தார். அவர்களுடைய ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி முட்டினார். இரண்டாம் கம்பத்தில் நான். பந்து என் தலைக்கு ஒரு சாண் மேலே போகிறது. கை தானாகப் போய்விட்டது. விரல்கள்தாம் பட்டன. பந்து குறுக்குக் கம்பத்தில் இடித்து மேலே பறந்தது.

பந்தில் இருந்த சேறு விரல்களில் அப்படியே ஒட்டிக்கொண்டது. நடுவர் திரும்புவதற்குள் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டேன். கை போனதற்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். துடைத்ததற்கு என்ன சொல்வது?

நடுவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கோட்டோரம் கொடி பிடித்தவன் எங்கள் மாற்று ஆட்டக்காரன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் எண்காரர் மட்டும் பார்த்துவிட்டார். கத்தவில்லை, நடுவரிடம் ஓடவும் இல்லை. என் வெள்ளைக் கால்சட்டையில் இருந்த நான்கு விரல் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டம் 0–0.

போன மாதம் தேக்கா ஈரச்சந்தையில், ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் அவர். தலை நரைத்துவிட்டது, தோள் அதே தோள். கடைசியாக இருந்த நெஞ்செலும்பை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "நீங்கள் ஃபேரர் பார்க்கில் ஆடியவர்தானே?" என்று கேட்டார். "இல்லை அண்ணே, நான் கிரிக்கெட்காரன்" என்றேன். குழம்பு வாயில் இறங்கவில்லை.

ரேஸ் கோர்ஸ் சாலைக்காரன்

உங்களுக்காவது கம்பத்தில் இடித்தது என்று ஊருக்கே கேட்டிருக்கும். எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். அதே திடல், அடுத்த மைதானம். வலை கொண்டுவர வேண்டிய அணி கொண்டுவரவில்லை. வெறும் கம்பங்கள். நான் அடித்த பந்து கம்பத்துக்கு உட்புறமாகத்தான் போனது, என் பிள்ளைகள் மேல் ஆணை. ஆனால் வலை இல்லாததால் அது நிற்காமல் உருண்டு பக்கத்து ஆட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே எவனோ ஒருவன் அது தங்கள் பந்து என்று நினைத்து ஓங்கி உதைத்தான். பந்து எங்கள் நடுவர் காலடிக்கே திரும்பி வந்தது. நடுவர் குனிந்து பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோல் கிக் என்று கை காட்டினார்.

அதன்பிறகு கல்யாணம் ஆகும்வரை என் பையில் ஒரு வலையும் ஒரு கட்டுக் கயிறும் இருந்தன. அணித் தோழர்கள் என்னை மீன்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

கையுறை

ஐந்தாம் எண் அவர்களே, "கீப்பர் வழுக்கி விழுந்தார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். பின்காவலர்கள் எழுதும் எல்லாக் கதைகளிலும் கீப்பர் வழுக்கி விழுகிறார். ஒன்பதாம் எண்ணைத் தனியாக எழும்ப விட்டது யார் என்று எந்தக் கதையிலும் வருவதில்லை.

இன்னொன்று. நடுவர் பார்த்திருந்தால்கூட அன்றைக்கு உங்களுக்குப் பெனால்டி, மிஞ்சிப் போனால் ஓர் எச்சரிக்கை. கோலைக் கையால் தடுத்தவனுக்கு நேராகச் சிவப்பு அட்டை என்று விதியில் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். பெனால்டியை உங்கள் கீப்பர் பிடித்திருக்கவும் கூடும். அவரைத்தான் நீங்கள் நம்பவில்லையே.

என் கதை 1992இல். சொந்த அணிக்காரன் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்று அந்த ஆண்டு விதி வந்தது. பதினைந்து வருடம் கையாலேயே பிழைத்தவன் நான். ஆட்டத்துக்கு முன் நடுவர் இரண்டு அணிகளையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். நான் தலையாட்டினேன். நான்காவது நிமிடத்தில் என் தம்பி, ஆமாம், கூடப் பிறந்த தம்பி, மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டான். நான் குனிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். விசில். கோலுக்கு ஆறு கெஜத்தில் மறைமுக ஃப்ரீ கிக். பதினொரு பேரும் கோட்டில் வரிசையாக நின்றோம். பந்து என் தம்பியின் காலிடுக்கு வழியாக உள்ளே போனது.

தீபாவளிக்குத் தீபாவளி இது மேசைக்கு வரும். கொடுத்தவன் மேல் தப்பா, வாங்கியவன் மேல் தப்பா என்று அம்மா இருந்தவரை தீர்ப்புச் சொல்லவே இல்லை.

ஈசூன் பையன்

நான் லீக்கெல்லாம் ஆடியதில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம்தான். இரண்டு தூண்கள் கோல். சுவரில் பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பு, அதன்மேல் எங்கள் பந்துத் தடம்.

1993இல் சிங்கப்பூர் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி புருணைக்கு எதிராக அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோல் எல்லாருக்கும் நினைவிருக்கும். மறுநாள் மாலை ஈசூனில் பாதிப் பையன்கள் அதைத்தான் முயன்றார்கள். அவருக்குக் கீழே காலாங் விளையாட்டரங்கின் புல் இருந்தது. எனக்குக் கீழே சிமெண்டுத் தரை. எனக்கு வயது பதினொன்று. கால் சரியாகப் பட்டது, அது நன்றாகத் தெரியும். பிறகு முழங்கையில் மரக்கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம்.

என்னை நச்சரிப்பது கை இல்லை. பந்து உள்ளே போனதா? எல்லாரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை சாட்சி கிடைக்கவில்லை. ரேஸ் கோர்ஸ் அண்ணன் வலையோடு வந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

முட்டி போனவன்

சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பத்தெட்டு வயதில், செயற்கைப் புல் திடலில், சும்மா ஐந்துக்கு ஐந்து ஆட்டம். யாரும் என்னைத் தொடவில்லை. திரும்பினேன், இடது முட்டியில் டப் என்றது. அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் நாற்பது தாண்டியவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்று, செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட்ஸ் போடாதீர்கள். கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். குட்டைக் குமிழ்கள் கொண்ட பூட்ஸ் குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் கிடைக்கும், கடைக்காரரிடம் எந்தத் திடல் என்று சொல்லியே வாங்குங்கள். பிறகு, வந்தவுடன் கோலை நோக்கி உதைக்கத் தொடங்காதீர்கள். ஃபிஃபாவின் 11+ என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, இருபது நிமிடம்தான். ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து இறங்குதல். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டி வீங்கினால் எண்ணெய் தேய்க்கும் வேலை வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள். தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்தால் ஒன்பது மாதமாவது பொறுங்கள். "இப்போது நன்றாக இருக்கிறது" என்று ஆறாம் மாதத்தில் இறங்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டாவது டப் பற்றி எழுத விருப்பமில்லை. ஆட்டம் முடிந்ததும் புரோட்டா கடைக்குப் போவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஈசூன் தம்பி, முழங்கையில் மழைக்காலத்தில் வலி இருந்தால் தனியே எழுதுங்கள்.

வலைப்பந்து வேண்டாதவள்

முட்டி அண்ணா, யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் எங்களுக்கு வலைப்பந்துதான். காற்பந்து என்றால் புளோக்குக்குப் பக்கத்துச் சிமெண்டுத் திடலில் அண்ணன்மாரோடு ஆடினால்தான் உண்டு. ஆளைப் பிரிக்க ஓ பே சோம். எல்லாரும் வட்டமாக நின்று கையை நீட்டுவோம். உள்ளங்கை மேலே பார்த்தவர்கள் ஓர் அணி, புறங்கை மேலே பார்த்தவர்கள் இன்னோர் அணி. எட்டு வயது முதல் பதின்மூன்று வரை என் கையும் அந்த வட்டத்தில் இருந்தது.

ஒரு நாள் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெரிய பையனின் காலிடுக்கில் பந்தை விட்டு, சுற்றிப் போய் எடுத்துக் கோல் அடித்தேன். மேலே நடைபாதையில் நின்ற தாத்தா ஒருவர் கைதட்டினார். அந்தப் பையன் சிரித்தான்கூட. மறுநாள் போனேன். வட்டம் போட்டார்கள். என் அண்ணனும் இருந்தான். கை நீட்ட இடைவெளி இல்லாமல் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். "போ" என்று யாரும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். நினைவில்லை என்கிறான்.

கையுறை

தங்கச்சி, நினைவிருக்கும். என் தம்பிக்கும் அந்தப் பந்தைத் தட்டிவிட்டது நினைவில்லையாம்.

ஐந்தாம் எண்

கையுறை ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாம் எண் என் ஆள்தான். கார்னர் வருவதற்கு முன் அவரை விட்டுவிட்டுக் கம்பத்துக்கு ஓடியதும் நான்தான். கீப்பரை இழுத்தது தப்பு.

நேற்று மறுபடி தேக்காவுக்குப் போனேன். அந்த அண்ணன் சனிக்கிழமைகளில் ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுவார் என்று கடைக்காரர் சொன்னார். நெஞ்செலும்பு இரண்டு கிலோ தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி, "அவர் வாங்கிக்கொள்வாரா?" என்று கேட்கிறாள். அதற்கு முன்னால் நான் கிரிக்கெட்காரன் இல்லை என்று சொல்லியாக வேண்டும்.