பழைய மியாட்டாவுக்கு பிரேக் டக்ட்: ஹோஸ் முனைய எங்க கொண்டு போய் விடணும்?

பாப்அப்_கண்ணன்:
வணக்கம் மக்களே. வண்டி முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா, 1.6 இன்ஜின், முன்னாடி அந்த 235 மிமீ டிஸ்க்தான். ரோட்ல ஒரு குறையும் இல்ல, ஆனா டிராக்ல நாலஞ்சு லேப் விரட்டினா பெடல் மெத்துன்னு ஆகி கீழ போயிடுது, ஆறவிட்டா ஓரளவு திரும்ப வருது. சரி பிரேக்குக்கு காத்து கொண்டு போற டக்ட் போட்ருவோம்னு 3 இன்ச் ஹோஸ பம்பர் வாய்லேர்ந்து வீல் ஆர்ச் வரைக்கும் இழுத்துட்டேன். முனைய டிஸ்க்கப் பாத்து திருப்பி விட்டா போதுமா, இல்ல டிஸ்க்குக்கு பின்னாடி இருக்கிற டஸ்ட் ஷீல்ட் தகடயே கழட்டணுமா? இன்னொன்னு, ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சா ஹோஸ் டயர்ல உரசுது.

சூடு_காலிப்பர்:
டக்ட் இருக்கட்டும், பெடல் மெத்துன்னு போனா அது பிரேக் ப்ளூயிட் கொதிக்கிற அறிகுறி. டிஸ்க்க அமுக்கிப் பிடிக்கிற பேட் சூட்டுல பிடிப்ப விட்டா பெடல் கல்லாட்டம் நிக்கும், வண்டிதான் நிக்காது. டாட் 4 ரக ப்ளூயிட் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரத்த இழுத்துட்டா அந்த அளவு 155 வரைக்கும் இறங்கிடும். கடைசியா எப்ப மாத்தினீங்க?

பாப்அப்_கண்ணன்:
மெத்துன்னு போறதுதான். ப்ளூயிட் முன்னாடி ஓனர் காலத்துது, எப்ப மாத்தினதுன்னு அவருக்கே ஞாபகம் இல்ல.

சூடு_காலிப்பர்:
பாதி பதில் அங்கயே இருக்கு. மொதல்ல அத மாத்தி நாலு வீல் பிரேக் லைன்லயும் ஏர் எடுங்க.

ஹப்_பக்கம்:
டக்ட் விஷயத்துக்கு வரேன். டிஸ்க்கோட முகத்துல காத்த அடிக்காதீங்க ப்ரோ, நிறைய பேர் அப்படித்தான் விடுறாங்க, உள்பக்கம் மட்டும் ஆறி வெளிப்பக்கம் கொதிச்சுக்கிட்டே இருக்கும், அந்த வித்தியாசத்துலதான் டிஸ்க் கோணி விரிசல் விடும். வென்டிலேட்டட் டிஸ்க், அதாவது ரெண்டு முகத்துக்கும் நடுவுல சந்து இருக்கிற டிஸ்க், தானே ஒரு பம்ப், சுத்தும்போது நடுவுல ஹப் பக்கம் இருக்கிற சந்துல காத்த இழுத்து ரெண்டு முகத்துக்கும் நடுவால வெளிய தள்ளுது. நாம அந்த நடுவுக்கு குளிர்ந்த காத்த ஊட்டினா போதும், மிச்சத்த டிஸ்க்கே பாத்துக்கும்.

ஷீல்ட முழுசா தூக்கிப் போட்டுடாதீங்க, பால் ஜாயின்ட் ரப்பரையும் டை ராட் ரப்பரையும் சூட்டுலேர்ந்து காப்பாத்துறதே அதுதான். அதுலயே ஹப் பக்கமா ஒரு ஓட்டை போட்டு குட்டை பைப் ஒன்ன பிடிக்க வைங்க, ஹோஸ் அதுல கிளாம்ப்ல உக்காரும். மாட்டினப்புறம் வீல கையால சுத்தி காது குடுத்துக் கேளுங்க, எங்கயும் தகடு உரசக்கூடாது.

உரசலுக்கு: டயரோட உள் ஓரத்துல சாக்பீஸ நல்லா தேய்ச்சிட்டு, மெதுவா ரெண்டு பக்கமும் ஃபுல் லாக்ல ஓட்டிட்டு வந்து பாருங்க. ஹோஸ்ல எங்க வெள்ளை ஒட்டியிருக்கோ அங்கதான் இடிக்குது. ஜாக்ல தூக்கிப் பாத்து நம்பிடாதீங்க, சஸ்பென்ஷன் தொங்கும்போது இருக்கிற இடம் வண்டி அமுங்கினா இருக்காது. அந்த வீல் ஆர்ச்சுக்கு 3 இன்ச் குண்டுதான், இரண்டரை போதும். சிலிக்கான் பூசின ஃபைபர்கிளாஸ் ஹோஸ் தானே? துணி காய வைக்கிற மெஷினோட ஹோஸ்னா இப்பவே கழட்டிடுங்க.

ரோட்டோரம்:
ரோட்ல ஓட்டுற வண்டிக்கு இதெல்லாம் தேவையா? மழைல நேரா டிஸ்க்குக்கே தண்ணி போகும்.

ஹப்_பக்கம்:
ரோட்டுக்கு தேவையே இல்ல, ஒத்துக்கிறேன். டிராக் போகாத நாள்ல டக்ட் வாயில டேப் ஒட்டி மூடி வைக்கலாம். அப்புறம் கண்ணன், பம்பர் வாய்லேர்ந்து எடுக்கிற காத்து ரேடியேட்டர் பங்குலேர்ந்து வர்றதுதான், ஓரமா எடுங்க, ஓட்டும்போது டெம்பரேச்சர் முள்ளு மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்.

பாப்அப்_கண்ணன்:
அப்டேட். ப்ளூயிட் மாத்தியாச்சு, இரண்டரை இன்ச் ஹோஸ், ஷீல்ட்ல ஓட்டை, எல்லாம் முடிஞ்சுது. பெடல் இப்ப கடைசி லேப் வரைக்கும் நிக்குது 🙏 ஆனா டிஸ்க் ஓரத்துல பூசின, சூடு ஏறினா நிறம் மாறுற டெம்பரேச்சர் பெயின்ட்ல ரெண்டு பக்கமும் பச்சை மாறியிருக்கு, ஆரஞ்சு வலது பக்கம் மட்டும் மாறியிருக்கு. வலது டக்ட் சரியா ஊதலையோ?

சூடு_காலிப்பர்:
பச்சை மாறுறது 430 டிகிரில, ஆரஞ்சு 560ல, அப்போ வலது பக்கம் நல்லாவே கூடுதல் சூடு. ஹோஸ் எங்கயாவது நசுங்கியிருக்கான்னு பாருங்க, ஆன்டி ரோல் பார் கிட்ட வழக்கமா நசுங்கும். இல்லன்னா டக்ட்ட விட்டுட்டு வலது பேட் ரெண்டையும் கழட்டி பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பாப்அப்_கண்ணன்:
ஹோஸ் நல்லா உருண்டையாத்தான் இருக்கு. பேட்தான் ஆளக் காட்டிக் குடுத்துச்சு, உள் பேட் வெளி பேட்ல பாதி கனம்கூட இல்ல, அதுவும் சாய்வா தேஞ்சிருக்கு. பேட்ட அமுக்குற காலிப்பர் முன்னபின்ன நகர்றதுக்கு இருக்கிற கீழ் ஸ்லைடு பின் கையால அசைக்கவே முடியல, கிரீஸ் காஞ்சு பழுப்பா ஒட்டிக்கிடக்கு.

சூடு_காலிப்பர்:
அதுதான் திருடன், பின் ஒட்டிக்கிட்டா பேட் சரியா விலகாம டிஸ்க்ல உரசி சூடேத்தும். ரெண்டு பக்கமும் பின்ன கழட்டி சுத்தம் பண்ணி சிலிக்கான் கிரீஸ் போடுங்க, சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிடும். பூட் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க, பின்ல பள்ளம் விழுந்திருந்தா பின்னையே மாத்துங்க. முன்னாடி ரெண்டு பக்கமும் புது பேட் செட். பெயின்ட்ட மறுபடி பூசிட்டு போங்க, அப்பவும் வலதுல மட்டும் ஆரஞ்சு மாறினா பிஸ்டன் சீலப் பாக்கணும்.