‘ஆபரேஷன் பெட்டிகோட்’ (1959-இல் வந்த நீர்மூழ்கிக் கப்பல் காமெடிப் படம்): நேவியில் இருந்தவர்களுக்கு இன்னும் உறுத்தும் காட்சி எது?

பம்ப்ரூம்
பன்றி திருடும் காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என்னை விடாதது டாய்லெட் பேப்பர் கடிதம். கேப்டனாக வரும் கேரி கிராண்ட் எழுதுவது ஜோக்காகத் தெரியும். ஆனால் அது அப்படியே நடந்தது. ஸ்கிப்ஜாக் என்ற நிஜ நீர்மூழ்கியிலிருந்து (நேவியில் ‘போட்’ என்போம்) 1941 ஜூலை 30-இல் 150 ரோல் கேட்டு இண்டென்ட், அதாவது சாமான் கேட்கும் சீட்டு, போனது. நவம்பர் 26-இல் மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்தின் சப்ளை ஆபீசர் ‘என்ன பொருள் என்று தெரியவில்லை, ரத்து’ என்று முத்திரை குத்தினார். அந்தத் தாள் போட்டுக்கு வந்து சேர்ந்தது 1942 ஜூன் 10. மறுநாளே போட்டின் கேப்டன், லெப்டினன்ட் கமாண்டர் ஜேம்ஸ் கோ பதில் எழுதி, கேட்ட பொருளின் மாதிரி ஒன்றையும் இணைத்து அனுப்பினார்.

படம் தொடாத இடம் ஒன்று உண்டு: பேப்பர் வந்த பிறகு ஃப்ளஷ் செய்வது. அந்தக் கால அமெரிக்க போட்டுகளில் முதலில் எல்லா வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே கழிவு சேரும் எக்ஸ்பல்ஷன் சேம்பர் காலியா என்று பேசினின் ஃப்ளாப்பரை (அடி மூடியை) அசைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ளாப்பரை மூடி, கடல் வால்வையும் ஸ்டாப் வால்வையும் திறந்து பேசினில் தண்ணீர் விட்டு, இரண்டையும் மூட வேண்டும். வேலை முடிந்ததும் ஃப்ளாப்பரைத் திறந்து சேம்பருக்குள் இறக்கி மறுபடி மூட வேண்டும். கழிவைத் தள்ளும் காற்றுக்கான வால்யூம் டேங்கில் காற்றை வெளிக்கடல் பிரஷரைவிடச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அதிகமாக ஏற்ற வேண்டும். 100 அடி ஆழத்தில் கடலே 44 பவுண்டு அழுத்தும், ஆக 54. டிஸ்சார்ஜ் பைப்பில் கேட் வால்வு, ப்ளக் வால்வு இரண்டையும் திறந்து, அந்தக் காற்றைத் திறந்துவிடும் ராக்கர் வால்வைத் தட்டினால் எல்லாம் கடலுக்குள். உடனே டிஸ்சார்ஜ் வால்வுகளை மூட வேண்டும். ஃப்ளாப்பர் சரியாக உட்காராமல் ராக்கரைத் தட்டினால் போனது மேலே வரும், ஆள் முகத்துக்கு. இதை வைத்து ஸ்லாப்ஸ்டிக் செய்யாமல் எப்படி விட்டார்கள்?

டியூப்_நாலு
அண்ணே, கடிதம் இருக்கட்டும். நர்ஸ் கை பட்டு டார்பிடோ கிளம்பி, கரையேறி லாரியை அடிக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பு. தவறிக் கிளம்பியதைக்கூட ஒத்துக்கொள்கிறேன். தாக்குதலுக்கு நடுவில் டியூபில் (டார்பிடோவைச் சுடும் குழாயில்) தண்ணீர் நிரப்பி, பிரஷர் சமமாக்கி, வெளிக்கதவும் திறந்திருக்கும். பட்டன் ஒன்றுதான் பாக்கி. அதன் பிறகு நடப்பதுதான் பொய். அது மார்க் 14 ரக டார்பிடோ. 21 அங்குல விட்டம், ஒன்றரை டன் எடை, 46 நாட் வேகம். அந்தக் காலத்தில் செட் செய்த ஆழத்தைவிடப் பத்து அடி கீழேதான் ஓடும். 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆல்பனிக்குப் பக்கம் வலை கட்டிச் சுட்டுப் பார்த்துத்தான் அமெரிக்க நீர்மூழ்கிப் படைத் தளபதி லாக்வுட் அதை நிரூபித்தார். அப்படி ஓடுகிற சாமான், சரிந்து ஏறும் கடற்கரையில் தண்ணீர் ஓரத்துக்கு வரும் முன்பே மணலில் மூக்கைக் குத்தி நின்றுவிடும். கிட்டே இருந்து சுட்டால் வெடிக்கவே வெடிக்காது, ஏனென்றால் சுமார் 450 கெஜம் ஓடிய பிறகே எக்ஸ்ப்ளோடர் (வெடிக்க வைக்கும் கருவி) தயார் நிலைக்கு வரும்.

நிஜத்தில் நடந்தது வேறு. 1944 ஆகஸ்டில் ஜப்பானின் மினாமி டைட்டோ தீவில் போஃபின் போட், துறையில் கட்டியிருந்த கப்பல்களைக் குறிவைத்துச் சுட்டபோது, மேடையில் நின்ற பஸ்ஸும் சேர்ந்து போனது. அங்கே ஆழம் இருந்தது. கரையில் ஏறவில்லை.

செங்காவி
பெயிண்ட்தான் எனக்கு. ரெட் லெட் (சிவப்பு ஈயப் பெயிண்ட்) போதவில்லை, ஒயிட் லெட் (வெள்ளை ஈயப் பெயிண்ட்) போதவில்லை, இரண்டையும் கலந்தார்கள், மேலே கிரே அடிப்பதற்குள் விமானத் தாக்குதல், பிங்க் போட்டிலேயே ஓட்டம். பிலிப்பைன்ஸின் கேவிட் தளத்தில் தாக்குதலில் தப்பிய சீடிராகன் போட்டின் கறுப்புப் பெயிண்ட் ரோந்தில் உரிந்து, அடியிலிருந்த ரெட் லெட் தெரிந்த கதைதான் இதற்கு விதை என்பார்கள். ஆனால் ரெட் லெட் ஆரஞ்சு பக்கம் சாய்ந்த சிவப்பு. வெள்ளையோடு கலந்தால் வெந்த இறால் நிறம்தான் வரும். படத்துக்காக பலாவோ என்ற நிஜ போட்டுக்கு அடித்த மிட்டாய் பிங்க் வராது.

கலப்பது முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். பிரைமரின் (அடிப்பூச்சின்) இரண்டாவது பூச்சைக் கொஞ்சம் நிறம் மாற்றி அடிப்பது நல்ல பழக்கம். விட்டுப்போன இடம் கண்ணில் படும். இரும்புப் படகு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: பழைய ரெட் லெட்டைக் காய்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசு ஈயம். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி கட்டாயம். துரு எடுத்த அன்றே, சில மணி நேரத்துக்குள், பிரைமர் ஏற வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூட இருக்கணும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் அடித்து ஆறே மாதத்தில் கொப்புளம். வெல்டு, ஓரம், ரிவெட் தலை எல்லாவற்றுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு தனிக் கோட். ஸ்ப்ரே அங்கே மெலிதாகத்தான் உட்காரும். ஆளிவிதை எண்ணெய்ப் பிரைமர் என்றால் நாள் கணக்கில் காயவிடுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பிசுபிசுக்கும்.

டீசல்தாத்தா
யாரும் படகு பெயிண்ட் பற்றிக் கேட்கலையே தம்பி!

எஞ்சின் வால்வு ஸ்பிரிங்குக்குப் பதில் நர்ஸ்களின் தலைவியான மேஜர் அம்மாவின் இறுக்க உள்ளாடையின் எலாஸ்டிக்கை மாட்டுகிற காட்சிக்கு வருவோம். போட்டில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் 278ஏ எஞ்சின் என்றால் ஸ்பிரிங் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக், எக்ஸாஸ்ட் வால்வு ஹெட்டில். நிமிஷத்துக்கு 750 சுற்று என்றால் அந்த வால்வு 750 தடவை திறந்து மூடும். அந்தச் சூட்டில் ரப்பர் நாலு நிமிஷம் தாங்காது. வால்வு மூடாமல் தொங்கும், கம்ப்ரஷன் போகும், பிஸ்டனும் வால்வும் மோதினால் ஹெட்டோடு போச்சு. ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் என்றால் கதையே வேறு: ஒரே சிலிண்டரில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், ஹெட்டும் கிடையாது, எக்ஸாஸ்ட் வால்வும் கிடையாது, எல்லாம் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்தான். பிங்க் அடித்து நடிக்க வைத்த பலாவோவில் இருந்தது இந்த ஃபேர்பேங்க்ஸ்தான்! அந்த எலாஸ்டிக்கை மேஜர் அம்மா எங்கே மாட்டினாராம்?

பம்ப்ரூம்
தாத்தா, படத்துப் போட் பலாவோ இல்லையே, சீ டைகர். 1941 டிசம்பரில் ஓடுகிற போட். பலாவோ தண்ணீரில் இறங்கியதே 1942-இல்தான். சீ டைகருக்கு என்ன எஞ்சின் என்று படத்தில் யாரும் சொல்லவில்லை.

டீசல்தாத்தா
எந்த எஞ்சினாக இருந்தாலும் ரப்பர் ரப்பர்தானே. குறைந்த பிரஷர் தண்ணீர் லைனில், பிரஷர் கூடினால் திறக்கும் ஒரு ரிலீஃப் வால்வு என்றால் ஒத்துக்கொள்கிறேன். அங்கே சூடு இல்லை, எப்போதாவதுதான் திறக்கும், துறைமுகம் சேரும்வரை ஓட்டிவிடலாம்.

டியூப்_நாலு
கடைசியில் நர்ஸ்களின் உள்ளாடைகளை டியூப் வழியாக வெளியே விடுவதைப் பற்றி ஒருவரும் பேசலையே. படத்தில் அது, தாக்கும் அமெரிக்கக் கப்பலுக்குத் தாங்கள் எதிரி இல்லை என்று காட்ட. நிஜத்தில் ஆயிலும் குப்பையும் விட்டு, மூழ்கிவிட்டதாக எதிரியை நம்ப வைப்பது போட்கள் செய்த வேலை. சிக்கல் என்னவென்றால் டார்பிடோவைத் தள்ளும் இம்பல்ஸ் காற்றில் சுட்டால் குமிழி மேலே போய், இடத்தைக் காட்டிக்கொடுக்கலாம். துணியை மட்டும் அள்ளிப் போட்டால் பாதி டியூபுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளிக்கதவின் விளிம்பில் ஒரு பட்டை சிக்கினாலும் கதவு முழுசாக மூடாது. மூடாத கதவோடு உள்கதவைத் திறக்க இன்டர்லாக் (இரண்டும் சேர்ந்து திறக்காமல் தடுக்கும் பூட்டு) விடாது, அடுத்த டார்பிடோவை ஏற்ற முடியாது. மரத்துண்டோடு சேர்த்துச் சாக்கில் லேசாகக் கட்டி விட்டால் வெளியே போய் அவிழும், மிதக்கவும் செய்யும்.