வெற்றிலைக் கடைப் புகையிலையும் சிகரெட் புகையிலையும் ஒரே இனமா?

பட்டர்வொர்த் பேத்தி:
பாட்டிக்கு வெற்றிலையோடு போடப் புகையிலை வாங்குவது என் வேலை. லிட்டில் இந்தியாவில் கிடைப்பது கறுத்து, பிசுபிசுவென்று, வெல்லத்தண்ணி மணத்தோடு இருக்கும். சிகரெட்டைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். படிவம் ஆறு படிக்கும் தம்பி "எல்லாம் ஒரே இனம்தான்" என்கிறான். அப்படியென்றால் புது ரகம் உண்டாக்குபவர்கள் எதை எதோடு சேர்க்கிறார்கள்?

மிளகாய்க்காரன்:
நிறம் பதப்படுத்துவதில் வருவது. சூளை வெப்பத்தில் உலர்த்தினால் மஞ்சள். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நாற்றங்கால்:
தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா, பர்லி வகைகள், சுருட்டு இலை எல்லாமே நிகோட்டியானா டபாக்கம் என்ற ஒரே இனம். வட இந்தியாவில் ஹுக்காவுக்குப் போகும் ரஸ்டிகா மட்டும் வேறு இனம்.

டபாக்கமே ஒரு கலப்புதான். சில்வெஸ்ட்ரிஸ், டொமென்டோசிஃபார்மிஸ் என்ற இரண்டு காட்டினங்கள், ஆளுக்கு 24 குரோமோசோம், சேர்ந்து 48. ஆனால் வர்ஜீனியா ரகங்களில் இலைத்தரம் கெடக்கூடாதென்று சில நல்ல தாய்களையே திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். கடைசியில் எல்லாம் பங்காளிகள். புது நோய் வந்தால் எதிர்க்க ஆளில்லை.

அதனால்தான் காட்டினத்திடம் போனார்கள். புகையிலை இலையில் வெளிறிய திட்டு விழவைக்கும் தேமல் வைரஸ் பட்டால், குளூட்டினோசா என்ற காட்டினத்தின் இலையில் சின்னச் சின்னக் கரும்புள்ளி விழும்; அந்த இடத்துச் செல்கள் செத்து, வைரஸ் அங்கேயே அடைபட்டுவிடும். இதற்குக் காரணமான 'என்' (N) என்ற எதிர்ப்பு மரபணுவை 1938இல் ஹோம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் புகையிலைக்குக் கொண்டுவந்தார். லேசான வேலையில்லை. குளூட்டினோசாவின் 24ஐயும் புகையிலையின் 48ஐயும் சேர்த்தால் பிறப்பது மலடு. குரோமோசோமை இரட்டித்தால்தான் விதை பிடிக்கும். பிறகு பல தலைமுறைக்குப் புகையிலையோடே சேர்க்க வேண்டும். அப்படியும் பக்கத்து மரபணுக்கள் சில ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. பர்லிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், வர்ஜீனியாவில் விளைச்சலும் தரமும் குறைந்தன. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கதையே இதுதான்.

மெல்லும் புகையிலைக்கென்று திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. (பாட்டிக்கு நல்லதில்லை, அது தனிப் பேச்சு.)

மிளகாய்க்காரன்:
அண்ணே, என் மிளகாய் நாற்றிலும் இலை சுருண்டு தேமல் விழுகிறது. நானும் சுருட்டு ஆசாமி. தொடர்பு இருக்குமா?

நாற்றங்கால்:
இருக்கலாம். அந்தத் தேமல் வைரஸ் சுருட்டுக்குள் இருக்கும் காய்ந்த இலையிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாற்றைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆனால் இலைப்பேன், வெள்ளை ஈ தாக்கினாலும் இலை சுருளும். இலையடியைத் திருப்பிப் பாருங்கள். மிளகாய்க்கும் 'எல்' (L) என்ற எதிர்ப்பு மரபணு உண்டு. அடுத்த முறை விதைப் பாக்கெட்டில் தேமல் எதிர்ப்பு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.